மாடு மேயும் நிலத்தில் புல் குறைந்து மண் இறுகிவருகிறது: எதில் தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. கறவை மாடுகள் மூன்றும் கிடேரிகள் இரண்டும் ஆண்டு முழுவதும் அதில்தான் மேய்கின்றன. மாலையில் கொட்டிலுக்குத் திரும்பியதும் வைக்கோலும் கொஞ்சம் அடர்தீவனமும் வைக்கிறோம். நிலம் முழுவதையும் சுற்றி ஒரே வேலிதான். உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. மேட்டுப் பக்கத்தில் மரநிழல் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியும் அங்கேயே இருக்கிறது. ஆகவே மாடுகள் பகலில் பாதி நேரம் அந்த மூலையிலேயே நின்றும் படுத்தும் கழிக்கின்றன.

தொட்டியைச் சுற்றிய இடத்தில் இப்போது களையைத் தவிர வேறொன்றும் முளைப்பதில்லை. மறுகோடியில் உள்ள புல் மெலிந்து மஞ்சளித்துக் கிடக்கிறது. நடுப்பகுதியில் ஓரிடத்தில் புல் தரையோடு தரையாகக் கறம்பப்பட்டிருக்க, அதற்கு இரண்டடி தள்ளி முழங்கால் உயரத்துக்கு முற்றிப்போன புதர்களை மாடுகள் தொடாமலே விட்டிருக்கின்றன. மழை பெய்தால் நீர் மண்ணுக்குள் இறங்காமல் கலங்கலாக வழிந்தோடிவிடுகிறது.

நிலத்தை முழுவதுமாக உழுது, வீரியத் தீவனப்புல்லை நட்டுவிடும்படி ஒருவர் சொன்னார். யூரியா தூவினால் போதும், புல் தானே எழும்பும் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டுமே செலவு பிடிக்கும் வேலைகள். முதலில் செய்ய வேண்டியது எது, பிறகு செய்ய வேண்டியது எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இந்த நிலம் ஐந்து உருப்படிகளுக்குப் போதுமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் பதில்

வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், இப்போது ஏரும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். ஒரே வேலிக்குள் கறம்பப்பட்ட தரையும் முற்றிய புதரும் அருகருகே இருக்கின்றன என்றால், மாடுகள் தங்களுக்குப் பிடித்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து, அப்போதுதான் தளிர்த்த புல்லைக் கடிக்கின்றன என்று பொருள். இதை மாற்றாமல் புதுப்புல் நட்டாலும், அந்தப் புல்லும் இதே நிலைக்குத்தான் வரும்.

புல்லின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். இலையின் பாதியளவு வரை மாடு கடித்துவிட்டுப் போனால் வேரின் வளர்ச்சி ஏறக்குறைய தடைப்படுவதில்லை. அதற்கு மேல் போகப்போகப் பாதிப்பு வேகமாகக் கூடுகிறது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கிரைடர் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், இலையில் 80 விழுக்காட்டை ஒரே தடவையில் நீக்கியபோது வேர் வளர்ச்சி 12 நாள்களும், 90 விழுக்காட்டை நீக்கியபோது 17 நாள்களும் முற்றாக நின்றுபோயின. ஒரே ஒருமுறை வெட்டியதற்கே இந்த நிலை என்றால், தளிர்விட்ட மூன்றாம் நாளே மறுபடி கடிபடும் புல்லின் வேர் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். வேர் குட்டையானால் ஆழத்திலுள்ள ஈரம் எட்டாது, மண்ணுக்குள் துளைகள் உண்டாகாது, மழைநீர் இறங்க வழியிருக்காது. நீங்கள் தனித்தனிக் குறைகளாக எழுதியிருக்கும் இறுக்கம், வழிந்தோடும் நீர், மெலிந்த புல் ஆகிய மூன்றும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே முதல் வேலை, நிலத்தைப் பாத்திகளாகத் தடுத்து, மாடுகளை ஒரு பாத்தியில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள் மட்டும் விட்டு, பிறகு புல் முழுதாக மீளும்வரை அந்தப் பாத்திப் பக்கமே அவற்றை வரவிடாமல் காப்பது. மூன்று நாள் என்று வரம்பு வைப்பதற்குக் காரணம், நல்ல வளர்ச்சிக் காலத்தில் அதற்குள்ளாகவே புதுத்தளிர் கடிக்கும் உயரத்துக்கு வந்துவிடும் என்பதுதான். எத்தனை மாடு என்பதைக் காட்டிலும், ஒரே புல்லை எத்தனை நாள் இடைவெளியில் மறுபடி கடிக்கின்றன என்பதே நிலம் கெடுவதையும் தேறுவதையும் முடிவு செய்கிறது.

நிலம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அளந்தே பார்த்துவிடலாம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். புல் மேயத் தயாராக இருக்கும் நேரத்தில் நல்ல இடம், சுமாரான இடம், மோசமான இடம் என்று நிலத்தின் பல பகுதிகளிலும் சட்டத்தை வைத்து, உள்ளே உள்ள புல்லைத் தரையோடு அறுத்து எடை போட்டுச் சராசரி காணுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சட்டத்துக்கு 250 கிராம் பச்சைப்புல் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 கிலோ. பச்சைப்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் எடை, மற்றது நீர். ஆக 200 கிராம் உலர் எடை. அதில் பாதியை நிலத்திலேயே விட வேண்டும் என்பதால் மாட்டுக்குக் கிடைப்பது சதுர மீட்டருக்கு 100 கிராம்.

மாடு ஒன்று தன் உடல் எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு வரை உலர் எடையாகத் தின்னும். உங்கள் மாடுகள் 400 கிலோ, கிடேரிகள் 200 கிலோ என்று கொண்டு, இரண்டரைப் பங்காகக் கணக்கிட்டால், மாடுகளுக்கு 30 கிலோவும் கிடேரிகளுக்கு 10 கிலோவுமாக நாளொன்றுக்கு 40 கிலோ உலர் தீவனம் தேவை. அதற்கு 400 சதுர மீட்டர் நிலம், அதாவது 20 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள ஒரு பாத்தி வேண்டும். இரண்டு ஏக்கர் என்பது ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர். ஆக 20 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆனால் வெப்பமும் ஈரமும் ஒருங்கே இருக்கும் நல்ல காலத்திலும் புல்லுக்கு 30 நாள் ஓய்வு என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதற்கு மூன்று ஏக்கர் வேண்டியிருக்கும். எனவே தீவனத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மேய்ச்சலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வைக்கோலாகவோ அறுத்துப் போடும் தீவனமாகவோ வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கு சொல்வது. உங்கள் நிலத்தில் சட்டம் வைத்து எடுக்கும் எடை கூடினால் அல்லது குறைந்தால் விடையும் அதற்கேற்ப மாறும். அறுத்த புல்லிலிருந்து 200 கிராமை எடுத்து, எடை மேற்கொண்டு குறையாத வரை காயவைத்தால் உலர் பங்கையும் நீங்களே கண்டுகொள்ளலாம்.

பாத்தி பிரிப்பதற்கு நிலையான வேலி தேவையில்லை. உள்ளே உலோக இழை பின்னிய கயிறும், கையால் ஊன்றி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் கம்பங்களும், கால்நடை வேலிக்கென்றே செய்யப்பட்ட மின்துடிப்புக் கருவியும் இருந்தால் பெரிய மாடுகளுக்கு ஒற்றைக் கயிறே போதும். வீட்டு மின்சாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாக வேலியில் இணைக்கக் கூடாது. அது உயிரைப் பறிக்கும். மாடுகளை முதலில் உறுதியான வேலியுள்ள சிறிய பட்டியில் வைத்து, உள்ளே இந்தக் கயிற்றைக் கட்டிப் பழக்கிய பிறகே வெளியில் நம்பி விட வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மழை விடாமல் பெய்து மண் சேறாக இருக்கும் நாள்களில் மாடுகளை மேய்ச்சல் பாத்திகளுக்குள் விடாதீர்கள். களி கலந்த ஈரமண்ணில் குளம்பு ஆழமாகப் பதிந்தால், ஓர் ஆண்டு ஓய்வில் உண்டான மண்துளைகள் ஒரே நாளில் அடைபட்டுவிடும். ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும் அந்தத் தொட்டி மூலையை அத்தகைய நாள்களுக்கென்று ஒதுக்கி, வைக்கோலை அங்கே போட்டு, மற்ற இடம் முழுவதையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் மண்ணின் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

எதையும் வாங்கித் தூவுவதற்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரே இடத்தில் தோண்டி எடுத்த மண் பயன்படாது. 15 செ.மீ. ஆழம் வரை, பதினைந்து இடங்களிலாவது சம அளவில் எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அனுப்ப வேண்டும். சாணி விழுந்த இடம், மரத்தடி, தொட்டியடி ஆகியவற்றைத் தவிர்த்துவிட வேண்டும். உங்கள் நிலத்தைப் பொறுத்தவரை, தொட்டி மூலையையும் மஞ்சளித்த மறுகோடியையும் கலக்காமல் இரண்டு தனி மாதிரிகளாக அனுப்புவது நல்லது, ஏனென்றால் உங்கள் மாடுகள் பல ஆண்டுகளாக மறுகோடியில் தின்று மூலையில் சாணி போட்டுக்கொண்டிருக்கின்றன. மாடு தின்னும் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றில் பெரும்பகுதி சாணியாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடுகிறது. மணிச்சத்து பெரும்பாலும் சாணியிலும், சாம்பல்சத்து பெரும்பாலும் மூத்திரத்திலும் போகும். அதாவது உங்கள் நிலம் சத்தை இழக்கவில்லை, ஒரு மூலைக்குக் கொண்டுபோய்க் குவித்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டு மாதிரிகளின் முடிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

யூரியா பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-ஆம் ஆண்டு தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றுவரை தொடர்ந்து நடக்கிறது. அங்கே ஒன்றுமே போடாமல் விட்ட பாத்தியில் ஏறத்தாழ 40 வகைச் செடிகள் கலந்து வளர்கின்றன. சுண்ணாம்பு இடாமல் ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் மட்டும் கூடுதலாகப் போட்ட பாத்திகளில் மண் கடுமையாகப் புளித்து, ஓரிரு புல் வகைகளே எஞ்சின. காய்ந்த புல் மட்காமல் மெத்தையாகத் தங்கிவிட்டது. யூரியா அந்த அளவுக்கு மண்ணைப் புளிக்கவைப்பதில்லை என்றாலும் போக்கு அதே திசைதான். அதோடு, காய்ந்த தரையில் மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். வேர் குட்டையாக இருக்கும் புல்லால் மிச்சத்தையும் முழுதாக எடுத்துக்கொள்ள இயலாது.

மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இடுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். அந்த நிலையில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும், பயறு வகைச் செடிகளில் வேர்முடிச்சும் சரியாக உருவாகாது. சுண்ணாம்பு மெதுவாக வேலை செய்யும் பொருள். அதன் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும்.

பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல், நிழலில் நன்றாகக் காயவைத்த பட்டாணி அளவு மண்கட்டி ஒன்றை ஒரு கண்ணாடிக் குவளையிலுள்ள மழைநீரில் மெதுவாக இறக்கிப் பாருங்கள். கட்டி உடையாமல் நின்றால் மண்ணில் மட்கு (மட்கிய தாவரப் பொருள்), வேரின் பிசின் ஆகிய இரண்டும் போதிய அளவில் இருக்கின்றன. உடைந்து துகள்களாகச் சரிந்து, நீர் தெளிவாகவே இருந்தால் மட்கு குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போன்ற கலங்கல் பரவினால் சோடியம் மிகுந்த மண்ணாக இருக்கலாம். அதற்கு ஜிப்சம் தேவைப்படும். அத்துடன் மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டி, வேர் எந்த ஆழத்தில், எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி மூன்று இடங்களில் வெட்டிப் பார்த்தேன். மறுகோடியில் வேர்கள் நான்கு விரற்கடை வரை நேராக இறங்கி, அதன்பின் மண் தகடு தகடாகப் பிரியும் ஓர் அடுக்கின்மேல் பக்கவாட்டில் திரும்பிப் படர்ந்திருக்கின்றன. அந்த அடுக்குக்குக் கீழே ஈரம் இருந்தும் வேர் இல்லை. ஆனால் வேலியை ஒட்டி, மாடுகளின் வாய் எட்டாத இடத்தில் வெட்டியபோது, அதே மண்ணில் வேர் ஒரு அடிக்கும் கீழே போயிருக்கிறது. மண் உதிரியாகவும் கறுப்பாகவும் இருக்கிறது, மண்புழுவும் தென்பட்டது. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்ததும் முதல் பதிலில் சொன்னது நன்றாக விளங்கியது. மண்கட்டி நீரில் உடைந்து சரிந்தது, நீர் கலங்கவில்லை.

மேலும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. மேய்ச்சல் நிலத்தில் விழும் சாணி வாரக்கணக்கில் வறட்டியாகக் காய்ந்து அப்படியே கிடக்கிறது. அதைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டுமா? புல்லோடு பயறு வகைத் தீவனமும் சேர்ந்து வளர்ந்தால் நல்லது என்கிறார்கள். இப்போதுள்ள புல்லை அழிக்காமல் அதை எப்படிக் கொண்டுவருவது? பாதிப் புல்லை விட்டுவிட்டு மாட்டை நகர்த்தினால் பால் குறையாதா?

மூன்றாம் பதில்

வணக்கம். கால்நடை வளர்ப்பில் நீண்டகாலமாக இருக்கிறேன். உங்கள் கேள்விகளில் முதலாவது எனக்கு மிகவும் நெருக்கமானது, அதனால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாணி காய்ந்து அப்படியே கிடப்பது, அதை மண்ணுக்குள் கொண்டுபோகும் சாணி வண்டுகள் குறைந்துபோயிருப்பதன் அடையாளம். ஆஸ்திரேலியாவில் இது ஒரு நாட்டின் சிக்கலாகவே இருந்தது. அங்குள்ள வண்டுகள் கங்காரு போன்ற விலங்குகளின் சிறிய, உலர்ந்த எச்சத்துக்குப் பழகியவை; மாட்டுச் சாணியை அவற்றால் கையாள இயலாமல் மேய்ச்சல் நிலம் மூடிப்போயிற்று, ஈக்களும் பெருகின. சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் அந்நாட்டு அறிவியல் ஆய்வு அமைப்பு 1968 முதல் வெளிநாடுகளிலிருந்து 40-க்கும் மேற்பட்ட வண்டு இனங்களைக் கொண்டுவந்து விட்டது. அவற்றுள் 23 இனங்கள் நிலைபெற்றன. நல்ல வண்டுக் கூட்டம் இருக்கும் நிலத்தில், ஈரமான பருவத்தில், சாணிக் குவியல் ஓரிரு நாளிலேயே உதிர்ந்த தூளாகிவிடும்; அதன் அடியில் பென்சில் பருமனில் துளைகள் இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். சாணியும் உள்ளே போகிறது, மழைநீருக்கும் அதே துளை வழியாகிறது.

நீங்கள் வண்டுகளை எங்கிருந்தும் வாங்கிவர வேண்டாம். அவற்றைக் கொல்வதை நிறுத்தினால் பெரும்பாலும் போதும். ஐவர்மெக்டின் வகைக் குடற்புழு மருந்தைக் கொடுத்த மாட்டின் சாணியில் அந்த மருந்து பல நாள்களுக்கு வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாணியில் முட்டையிட்டால் வண்டின் புழுக்கள் பிழைப்பதில்லை. தேதி வைத்து எல்லா மாடுகளுக்கும் மருந்து ஊற்றுவதைக் கைவிட்டு, சாணியைப் பரிசோதித்து, புழு முட்டை கூடுதலாக உள்ள உருப்படிக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். மருந்து கொடுத்த மாட்டைச் சில நாள் மேய்ச்சல் பாத்திகளுக்குள் விடாமல் ஒதுக்குப்புறத்தில் வைத்துக்கொள்ளலாம். பாதிப் புல்லை விட்டு நகர்த்துவது இங்கேயும் கைகொடுக்கிறது, ஏனென்றால் குடற்புழுவின் தொற்றும் பருவத்திலுள்ள குஞ்சுப்புழுக்களில் பெரும்பாலானவை புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து நான்கு விரற்கடைக்குள்தான் இருக்கின்றன. தரையோடு கறம்பும் மாடுதான் அவற்றை அதிகம் விழுங்குகிறது. சாணியைப் பொறுக்கி எடுக்காதீர்கள், அது நிலத்தின் சொத்து. மிகவும் காய்ந்துபோனதை வேண்டுமானால் உலர்ந்த நாளில், மாடு நகர்ந்த உடனே கலைத்துவிடுங்கள்.

பால் பற்றி அஞ்ச வேண்டாம். புல்லின் மேல்பாதியில்தான் இலை மிகுதி, புரதமும் செரிமானத் திறனும் மிகுதி. அடிப்பாதி தண்டும் நாரும் ஆனது. மேல்பாதியை வயிறார மேய்ந்து நகரும் மாடு, அடிவரை கறம்பும் மாட்டைவிட நல்ல தீனியே தின்கிறது. நகர்த்தும் பழக்கம் வந்தபின் புதுப் பாத்தியைத் திறக்கும் நேரத்தில் மாடுகள் தாமாகவே வந்து நிற்கும். நாளின் பிற்பகுதியில் திறப்பது இன்னும் சிறப்பு. பகல் முழுவதும் வெயிலில் உண்டான சர்க்கரை அப்போது இலையில் கூடுதலாக இருக்கும். கிடேரிகளும் கறவையும் சேர்ந்தே மேய்வதால், பால் மாடுகளை முதலில் விட்டுக் கிடேரிகளைப் பின்னால் விடும் முறையையும் யோசிக்கலாம்; ஆனால் ஐந்து உருப்படிக்கு அது கட்டாயமில்லை. பாத்தி எதுவாக இருந்தாலும் தாது உப்பு எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பயறு வகையில் வேலி மசால், முயல் மசால், சங்குப்பூ ஆகியவை வெப்பப் பகுதிகளுக்கும், குதிரை மசால், வெள்ளைக் குளோவர் ஆகியவை குளிர்ந்த அல்லது நீர்வசதியுள்ள இடங்களுக்கும் ஏற்றவை. புல்லும் பயறு வகையும் கலந்த நிலத்தில் பயறு வகை மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால், தழைச்சத்துத் தேவையின் பெரும்பகுதியை அதுவே காற்றிலிருந்து பிடித்துத் தந்துவிடும். வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. குதிரை மசாலும் குளோவரும் இளசாக, ஈரமாக இருக்கும்போது பசித்த மாடு அவற்றையே மிகுதியாகத் தின்றால் வயிறு உப்பி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் வைக்கோலைத் தின்னவைத்த பிறகே அந்தப் பாத்திக்குள் விட வேண்டும். வேலி மசாலிலும் முயல் மசாலிலும் இந்தத் தொல்லை இல்லை. விதைக்கும் முறையை வேறு யாரேனும் எழுதினால் நல்லது.

நான்காம் பதில்

விதைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஒரு மாற்றுக்கருத்தையும் சேர்த்து.

வேலி மசால் போன்றவற்றின் விதைத்தோல் கெட்டியானது. அப்படியே தூவினால் பெரும்பகுதி முளைக்காமல் கிடந்துவிடும். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்து, பிறகு குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அந்தப் பயிருக்குரிய ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதைக்க வேண்டும். நல்ல மழை வரவிருக்கும் நேரம் பார்த்து, ஒரு பாத்தியில் மட்டும் புல்லை வழக்கத்தைவிடக் குட்டையாக மேயவிட்டு, விதையைத் தூவி, மாடுகளையே அரை நாள் அதன்மேல் நடக்கவிட்டால் விதை மண்ணோடு நன்றாகச் சேர்ந்துவிடும். விதை அரை அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. அதன்பின் இளஞ்செடி வேரூன்றும்வரை அந்தப் பாத்திக்கு முழு ஓய்வு. ஒரே பருவத்தில் எல்லாப் பாத்திகளிலும் இதைச் செய்தால் மேய்ச்சலுக்கு இடமிருக்காது என்பதால், ஆண்டுக்கு நான்கைந்து பாத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுக்கருத்து ஓய்வு நாள் பற்றியது. முதல் பதிலில் சொன்ன 30 நாள் என்பது வளர்ச்சிக் காலத்துக்குத்தான் பொருந்தும். மழை நின்று புல் வளர்வது நின்றுபோனால் 60 நாள் விட்டாலும் 90 நாள் விட்டாலும் அது மீளாது. அப்போது நாள்காட்டியைப் பார்த்து மாட்டை நகர்த்துவது பயனற்றது. புல்லின் நிலையைப் பார்த்தே நகர்த்த வேண்டும், புல் இல்லாவிட்டால் ஒதுக்குப்புறத்தில் அடைத்து உலர் தீவனம் கொடுக்க வேண்டும். கோடை முழுவதும் மாடுகளை நிலத்திலேயே விட்டு வைப்பவர்களின் புல், முதல் மழைக்குத் தளிர்க்கும் வலுவை இழந்துவிடுகிறது. மழை தொடங்கிய உடனே மேயவிடுவதும் அதே அளவு கேடு. புல் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பும்வரை பொறுத்திருந்தால் அந்த ஆண்டு முழுவதும் அதன் பலன் கிடைக்கும்.

ஏர் வேண்டவே வேண்டாம் என்று சொல்வதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. உண்ணிச்செடி போன்ற நச்சுச்செடிகள் நிலத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்ட இடத்திலும், நல்ல புல்லின் தூர்களே அறவே இல்லாத இடத்திலும், ஒருமுறை உழுது புதிதாக விதைப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் உங்கள் நிலம் அப்படியில்லை. வேலியோரத்தில் அதே மண்ணில் வேர் ஒரு அடி இறங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அந்தத் தகட்டு அடுக்கைப் புல்லின் வேரே உடைத்துக்கொள்ளும்.

வெளியிலிருந்து வைக்கோலோ உலர்புல்லோ வாங்கப்போகிறீர்கள் என்பதால், அதையே உரமாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு டன் நல்ல உலர்புல்லில் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தும், ஏறத்தாழ அதே அளவு சாம்பல்சத்தும், 2 முதல் 3 கிலோ மணிச்சத்தும் இருக்கும். அதைக் கொட்டிலில் போட்டால் சத்து கொட்டிலில் நிற்கும். மண் காய்ந்திருக்கும் நாள்களில் அந்த மஞ்சளித்த மறுகோடியில், ஒவ்வொரு நாளும் வெவ்வேறு இடத்தில் விரித்துப் போட்டால், மாடுகள் அங்கேயே நின்று தின்று, அங்கேயே சாணியும் மூத்திரமும் விடும். சிந்திய துரும்பு மண்ணை மூடிக் காக்கும். இரவில் அங்கேயே கிடை அமர்த்த முடிந்தால் இன்னும் விரைவாகத் தேறும். ஒரே ஓர் எச்சரிக்கை: அமினோபைரலிட், குளோபைரலிட் வகைக் களைக்கொல்லி தெளித்த நிலத்திலிருந்து வந்த உலர்புல்லை வாங்க வேண்டாம். அந்த மருந்து மாட்டின் வயிற்றைக் கடந்து சாணியிலும் அழியாமல் நின்று, நீங்கள் விதைக்கும் பயறு வகைச் செடிகளைக் கொன்றுவிடும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. கயிறும் கம்பங்களும் வாங்கி, மழைக்கு முன்பே பாத்தி பிரிக்கத் தொடங்கப்போகிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. பாத்தி மாறிக்கொண்டே இருந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது? தொட்டி மேட்டு மூலையில் கட்டப்பட்டது, அதை நகர்த்த முடியாது. தொட்டிவரை நடைபாதை விட்டால் மாடுகள் மறுபடியும் அங்கேயேதான் போய் நிற்கும்.

முதல் பதில் எழுதியவர்

நல்ல கேள்வி, பாத்தி பிரிக்கும் பலரின் முயற்சி தடுமாறுவது தண்ணீரில்தான். தொட்டி மேட்டில் இருப்பது உங்களுக்கு வசதி. அதன் அடியிலிருந்து ஒரு கறுப்புப் பாலித்தீன் குழாயை நிலத்தின் நடுவாக இழுத்து, நான்கைந்து இடங்களில் திறப்பு வையுங்கள். நீர் தானாகவே இறங்கி வரும், மோட்டார் தேவையில்லை. 100 லிட்டர் கொள்ளும் இலேசான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மிதவை வால்வு பொருத்தி, மாடுகள் மேயும் பாத்திக்கு அருகிலுள்ள திறப்பில் அதை மாட்டிக்கொள்ளலாம். பாத்தி மாறும்போது கவிழ்த்து நீரைக் கொட்டிவிட்டு இழுத்துச் செல்லலாம். வெயில் காலத்தில் கறவை மாடு ஒன்று நாளொன்றுக்கு 60 லிட்டருக்கும் மேல் குடிக்கக்கூடும் என்பதால், தொட்டி சிறியதாக இருந்தாலும் குழாய் மெல்லியதாக இருக்கக் கூடாது. ஒரு அங்குலக் குழாய் போடுங்கள். தரையில் கிடக்கும் குழாயில் நீர் கொதித்துவிடும், ஆகவே புல் நிழலிலோ நான்கு விரற்கடை மண்ணுக்கடியிலோ அதைப் பதித்துவிடுங்கள். திறப்புகளை ஒவ்வொரு பருவத்திலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் எந்த ஓர் இடமும் பழைய மூலைபோல மிதிபடாது. நிழலுக்கு, கடும் வெயில் நாள்களில் மரத்தை ஒட்டிய பாத்திகளையும், மற்ற நாள்களில் தொலைவிலுள்ள பாத்திகளையும் மேயவிடும்படி சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள். மறுகோடியில் நிழல் தரும் மரக்கன்றுகளை வேலிக்கு வெளிப்பக்கமாக, மாட்டின் வாய் எட்டாத தொலைவில் இந்த மழைக்கே நட்டுவிடலாம்.